4.2 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காத எர்த் லீக்கேஜ்

எங்கள் நூற்பாலையின் 110 கேவி சப்ஸ்டேஷன் யார்டில் மழைக்கால விடியற்காலைகளில் மட்டும் வந்து தொல்லை கொடுத்த டிசி எர்த் ஃபால்ட் அலாரம் ஒருவழியாக அடங்கிவிட்டது. காரணம், டிரான்ஸ்ஃபார்மர் தலைமேல் இருக்கும் புக்கோல்ஸ் ரிலேயின் (உள்ளே கோளாறு வந்து வாயு கிளம்பினால் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி) டெர்மினல் பெட்டி. அதன் வடிகால் துளையை மண் குளவி கூடு கட்டி அடைத்திருந்தது. சரிசெய்ய ஆன செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான். இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் காலம் போனது. ஒரு 22 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரையும் வைத்துக்கொண்டு போன வழியை எழுதி வைக்கிறேன். சப்ஸ்டேஷன் பேட்டரியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு எங்காவது உதவும்.

பழக்கமில்லாதவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யார்டில் பிரேக்கர் ட்ரிப் ஆவதற்கும், ரிலேக்கள் உயிரோடு இருப்பதற்கும், அலாரம் அடிப்பதற்கும் தனியாக 110 வோல்ட் டிசி உண்டு. 2 வோல்ட் லெட் ஆசிட் செல் 55, வரிசையாக. சார்ஜர் ஃப்ளோட்டில் (நிரம்பிய பேட்டரியை அப்படியே தாங்கிப் பிடிக்கும் நிலை) இருக்கும்போது செல்லுக்கு 2.2 வோல்ட், ஆக மொத்தம் 121. கரன்ட் போனாலும் இது போகக்கூடாது. இது போனால் பிரேக்கருக்கு ட்ரிப் ஆகத் தெரியாது.

இந்த டிசியில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையுமே எர்த் செய்வதில்லை. வேண்டுமென்றே அந்தரத்தில் விட்டிருப்பார்கள். அதனால் எங்காவது ஒரு கம்பி பாடியில் உரசினாலும் ஃபியூஸ் போகாது, எதுவும் நிற்காது, வேலை பாட்டுக்கு நடக்கும். சிக்கல் இரண்டாவது கசிவு வரும்போதுதான். முதல் கசிவும் இரண்டாவது கசிவும் சேர்ந்து, எந்த ரிலேயின் கான்டாக்டும் மூடாமலே ஒரு காயிலுக்கு சப்ளை கொடுத்துவிடலாம். அல்லது ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஃபியூஸைப் பறக்கவிட்டு ட்ரிப் ஆகாமலே செய்துவிடலாம். வீட்டில் இருக்கும் ஆர்சிசிபி மாதிரி லீக்கேஜ் பார்த்து தானாகவே விழும் சாதனம் இங்கே கிடையாது, இருக்கவும் கூடாது. அலாரம் மட்டும்தான். தேடுவது நம் வேலை.

அலாரம் வந்த விதமே எரிச்சல் தருவதாக இருந்தது. ஐப்பசி மழை ராத்திரி பெய்தால் விடிகாலையில் அடிக்கும். ஷிஃப்ட் ஆள் அக்னாலெட்ஜ் பட்டனை அழுத்துவார். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் தானாகவே ரீசெட் ஆகிவிடும். லாக் புத்தகத்தில் "டிசி எர்த் வந்தது, சரியாகிவிட்டது" என்று ஒரு வரி. தானாக வந்து தானாகப் போகும் அலாரத்தை யாரும் மதிப்பதில்லை. டிசி போர்டில் எர்த் பார்க்க இரண்டு விளக்கு இருக்கிறது. இரண்டும் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே தொடரில் இருக்கும். பட்டனை அழுத்தினால் அவற்றின் நடுப்புள்ளி எர்த்தோடு சேரும், கசிவு இருக்கும் பக்கத்து விளக்கு மங்கும். முன்பு குண்டு பல்பாக இருந்ததை யாரோ எல்இடி இண்டிகேட்டராக மாற்றியிருந்தார்கள். மெல்லிய கரன்டிலும் எல்இடி பளிச்சென்றே எரிவதால், நன்றாக உற்றுப் பார்த்தால்தான் நெகட்டிவ் பக்கம் சற்று மங்கல் என்று தெரியும். எந்தப் பக்கம் என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

அளக்க ஆரம்பித்தது ஒரு மத்தியானம், அலாரம் அடங்கிய பிறகு. முதலில் சார்ஜரில் இருக்கும் எர்த் லீக்கேஜ் ரிலேயின் எர்த் கம்பியைக் கழற்ற வேண்டும். அது பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் நடுவிலிருந்து ரெசிஸ்டன்ஸ் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அளந்தால் நம் கணக்கில் அதுவும் கலந்துவிடும். கழற்றியிருக்கும் நேரத்தில் அலாரம் வராது என்பதால் முடிந்ததும் மறக்காமல் மாட்ட வேண்டும். கதவில் அட்டை ஒன்று தொங்கவிட்டுக்கொண்டேன்.

மல்டிமீட்டரில் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் 108 வோல்ட், நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் 13. ஆரோக்கியமான அமைப்பில் இரண்டும் ஏறக்குறைய 60 வோல்ட்டில் நிற்கும். ஆக நெகட்டிவ் பக்கம் ஏதோ கசிகிறது. ஆனால் இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கசிவு பெரியதா சிறியதா என்று சொல்ல முடியாது. பாசிட்டிவ் பக்கத்து இன்சுலேஷன் மெகா ஓமில் இருந்தால், நெகட்டிவில் 60 கிலோ ஓம் கசிவும் வோல்ட்டை இப்படி ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

அங்கேதான் 22 கிலோ ஓம் வந்தது. 2 வாட் ரெசிஸ்டர், தொடரில் ஒரு புஷ் பட்டன், 100 மில்லி ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ், இரண்டு நீள லீட். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கடைக்குப் போய் வந்த பெட்ரோலைச் சேர்க்காவிட்டால் 250 ரூபாய் ஆகியிருக்கும். கசிவு இல்லாத பக்கத்துக்கும் எர்த்துக்கும் இடையில் இந்தப் பெட்டியை மாட்டி, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். கசிவும் நம் 22 கிலோ ஓமும் 121 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். அன்று மத்தியானம் பாசிட்டிவ் பக்கம் 32.5, நெகட்டிவ் பக்கம் 88.5 வந்தது. 22-ஐ 88.5-ஆல் பெருக்கி 32.5-ஆல் வகுத்தால் 60 கிலோ ஓம். கசிவுக்கு இப்போது ஒரு எண் கிடைத்துவிட்டது.

ஏன் 22 கிலோ ஓம்? நேராக எர்த்தைத் தொட்டால்கூட 121 வோல்ட்டில் ஐந்தரை மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. இந்தக் கரன்ட்டுக்கு எங்கள் பேனலில் எந்த ரிலேவும் எழாது. புதிய நியூமரிக்கல் (கம்ப்யூட்டர் வகை) ரிலேக்களின் ஆப்டோ இன்புட் (சிக்னல் வாங்கும் முனை) சில மில்லி ஆம்பியருக்கே விழித்துக்கொள்ளும் என்பதால் அவை எங்கே எப்படி இணைந்திருக்கின்றன என்று டிராயிங்கைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். சந்தேகம் இருந்தால் 47 கிலோ ஓம் போடலாம். கணக்கு மாறாது, வோல்ட்மீட்டர் மட்டும் நல்லதாக, 10 மெகா ஓம் இன்புட் உள்ளதாக இருக்க வேண்டும்.

அந்த 60 கிலோ ஓமைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. டிசி போர்டில் புரொடெக்‌ஷனுக்குச் சம்பந்தமில்லாத ஃபீடர்களை (போர்டிலிருந்து பிரிந்து போகும் லைன்களை) முதலில் ஆஃப் செய்து பார்த்தோம். எமர்ஜென்சி லைட் எம்சிபியை இறக்கியதுமே மீட்டர் நடுவுக்கு வந்து 58, 63 என்று நின்றது. யார்டு கம்பத்தில் ஒரு விளக்கின் ஹோல்டர் வெடித்து, கம்பியின் மேலுறை இரும்பு விளிம்பில் நசுங்கியிருந்தது. ஹோல்டரை மாற்றி, கம்பிக்கு ஸ்லீவ் போட்டோம். அலாரத்துக்குக் காரணம் அதுதான் என்றே நினைத்தோம். அடுத்த மழைக்கு, விடிகாலை ஐந்தரைக்கு, மறுபடி அடித்தது.

வெயிலில் தேடினால் வெயிலில் இருக்கும் கசிவுதான் கிடைக்கும். அப்புறம் மழை பெய்த காலைகளில் மட்டும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பட்டனை அழுத்தினால் பாசிட்டிவ் பக்கம் 101.2, நெகட்டிவ் பக்கம் 19.8. கணக்குப் போட்டால் 4.3 கிலோ ஓம். இன்னொரு காலை 4.4. விடாமல் கொட்டிய ஒரு ராத்திரிக்குப் பிறகு 4.2. தூறலோ பேய்மழையோ, நாலு கிலோ ஓமை ஒட்டியே நின்றது. வெயில் ஏற ஏற மெதுவாக உயர்ந்து, பதினோரு மணிக்கு மெகா ஓமுக்குப் போய்விடும்.

இதுதான் உறுத்தியது. தண்ணீரால் வரும் கசிவு இப்படி ஒழுங்காக இருக்காது. ஒரு நாள் 40 கிலோ ஓம், ஒரு நாள் 900 ஓம் என்று மழையின் அளவுக்கும் அழுக்கின் அளவுக்கும் தகுந்தபடி ஆடும். இங்கே மேலே போகும்போது ஆடுகிறது, கீழே வரும்போது ஓர் இடத்தில் முட்டி நிற்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் 4.2-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. அப்படியென்றால் கசிவு நேராக நெகட்டிவில் இல்லை. கசிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில், மழையில் நனையாத, மாறாத ஏதோ ஒரு ரெசிஸ்டன்ஸ் உட்கார்ந்திருக்கிறது. சுமார் நாலு கிலோ ஓம்.

டிசி பேனலில் நெகட்டிவோடு நிரந்தரமாக இணைந்திருக்கும் ரெசிஸ்டன்ஸ் என்றால் காயில்தான். ஸ்டோரில் இருந்த ஸ்பேர்களை மேசையில் வைத்து அளந்தேன். பிரேக்கர் ட்ரிப் காயில் நூறு ஓமுக்கும் கீழே. அது நடுவில் இருந்தால் மழைநாளில் கணக்கு நூறுகளுக்கே இறங்கியிருக்கும். அலாரம் ஜன்னல்களின் (எந்த அலாரம் என்று எரிந்து காட்டும் பலகை) கார்டு இன்புட் அதற்கு நேர்மாறாக நாலு கிலோவைவிடப் பல மடங்கு. டிரான்ஸ்ஃபார்மர் பேனலில் வரிசையாக இருக்கும் ஆக்ஸிலரி ரிலேயின் ஸ்பேர் 3.9 கிலோ ஓம் காட்டியது. மீதி 300, 400 ஓம் தண்ணீருடையது. நூற்றுக்கணக்கான கம்பிகளில் தேட வேண்டிய வேலை, மேசைமேல் நடந்த இந்த அளவோடு, எட்டு ரிலேக்குச் சுருங்கிவிட்டது.

அந்த ரிலே வேலை செய்யும் முறையையும் சொல்ல வேண்டும். புக்கோல்ஸ், ஆயில் டெம்பரேச்சர், வைண்டிங் டெம்பரேச்சர், ஓஎல்டிசி (லோடு ஓடும்போதே டேப் மாற்றும் கருவி) சர்ஜ் ரிலே, பிரஷர் ரிலீஃப் வால்வு என்று டிரான்ஸ்ஃபார்மர் மேல் இருக்கும் ஒவ்வொரு கருவியிலும் ஒரு கான்டாக்ட். பேனலிலிருந்து பாசிட்டிவ் ஒரு கம்பியில் அங்கே போகும். கான்டாக்ட் மூடினால் இன்னொரு கம்பியில் திரும்பி வந்து ஆக்ஸிலரி ரிலேயின் காயிலுக்குள் நுழையும். காயிலின் மறுமுனை நெகட்டிவ். கான்டாக்ட் திறந்திருக்கும்வரை அந்தத் திரும்பி வரும் கம்பி, காயில் வழியாக நெகட்டிவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கம்பி யார்டில் எங்காவது நனைந்தால் மீட்டரில் நெகட்டிவ் எர்த் என்று காட்டும். கூடவே காயிலின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து வரும்.

இதைப் புரிந்துகொண்டபோது வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான், எங்களோடு வேலை செய்யும் மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர், மின்வாரிய யார்டுகளில் ஒப்பந்த வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர், பழைய வழியைச் சொல்லியிருந்தார்.

"எதுக்கு தம்பி இந்தக் கணக்கெல்லாம்? பாசிட்டிவுல இருந்து எர்த்துக்கு ஒரு டெஸ்ட் லேம்ப்பு போடுங்க. எரியறப்ப ஒவ்வொரு ஃபீடரா இறக்குனா எதுல அணையுதோ அதுதானுங்க."

பல வருஷம் பலரும் இப்படித்தான் தேடினார்கள். நேராக நெகட்டிவில் விழுந்த கசிவுக்கு அது சரிதான். ஆனால் இந்தக் கசிவுக்கு என்ன ஆகியிருக்கும்? டெஸ்ட் பல்பின் குளிர்ந்த இழை நூறு ஓம்கூட இருக்காது. பாசிட்டிவ், பல்பு, எர்த், நனைந்த கம்பி, காயில், நெகட்டிவ் என்று சுற்று முடிந்து, காயில்மேல் 110 வோல்ட்டை ஒட்டி விழுந்திருக்கும். பல்பு எரிந்திருக்கவே எரிந்திருக்காது, ரிலே எழுந்திருக்கும். பின்னால் 86 லாக்கவுட் (கையால் ரீசெட் செய்யும்வரை பிரேக்கரை மூடவிடாத ரிலே) விழுந்து 110 கேவி பிரேக்கரும் 11 கேவி பிரேக்கரும் ஒன்றாக ட்ரிப். ஓடிக்கொண்டிருக்கும் ரிங் ஃபிரேம் அத்தனையும் ஒரே நொடியில் நின்று, ஸ்பிண்டிலுக்கு ஸ்பிண்டில் நூல் அறுந்து, மறுபடி பீஸிங் போட்டு ஓட்டிச் சேர்க்க ஷிஃப்ட் முழுதும் போதாது. டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றுமே இருக்காது; ஆனால் புக்கோல்ஸ் ட்ரிப் என்று கொடி விழுந்ததால் எண்ணெய் சாம்பிள், கேஸ் டெஸ்ட் என்று ஊரையே கூட்ட வேண்டும்.

டிராயிங்கை விரித்து அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் விரலை வைத்துச் சுற்றை ஓட்டிப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளு நாம தப்பிச்சதே பெருசுங்களே" என்றார். உண்மைதான். பாசிட்டிவ் பக்கம் இன்னொரு எர்த் எங்கே விழுந்திருந்தாலும் இதே கதிதான். டிசி போர்டில் பழைய குண்டு பல்புகளே இருந்திருந்தால், எர்த் டெஸ்ட் பட்டனை அழுத்தும்போதெல்லாம் காயில்மேல் 50 வோல்ட் வரை விழுந்துகொண்டிருக்கும். சில ரிலேக்கள் பாதி வோல்ட்டுக்கு மேல் சற்று போனாலே எழுந்துவிடும். அந்த எல்இடி மாற்றத்தைத் திட்டிக்கொண்டிருந்த நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எட்டில் எது என்று பார்க்க ஃபீடரை இறக்க முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் பேனலுக்கு டிசி இரண்டு பக்கமிருந்து ரிங்காக வருகிறது. ஒன்றை இறக்கினால் கசிவு மற்றொன்றின் வழியாக அப்படியே இருக்கும், மீட்டர் அசையாது. இரண்டையும் இறக்கினால் ஓடும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதுகாப்பு இருக்காது. ஆகவே கரன்டைத் தேடிப் போனோம். இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் 4-20 மில்லி ஆம்பியர் லூப் பார்க்கும் சிறிய கிளாம்ப் மீட்டர் ஒன்று இருந்தது. விலை அதிகம் என்பதால் பூட்டுக்குள் இருக்கும் பொருள். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சாதாரண ஏசி கிளாம்ப் டிசியைப் பார்க்காது. பெரிய டிசி கிளாம்ப் மில்லி ஆம்பியரைப் பார்க்காது. இந்தக் குட்டியின் தாடையில் 2.5 சதுர மி.மீ. கம்பி ஒன்று மட்டும்தான் நுழையும். எங்களுக்கு அது போதும், ஏனென்றால் சந்தேகப்பட்ட எட்டும் அந்தக் கம்பிதான். கான்டாக்ட் திறந்திருக்கும்போது அவற்றில் கரன்ட் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

ஒருவர் டிசி போர்டில் 22 கிலோ ஓம் பெட்டியின் பட்டனை இரண்டு விநாடி அழுத்தி இரண்டு விநாடி விட, நான் பேனலின் பின்பக்கம் குனிந்துகொண்டு கம்பி கம்பியாகக் கிளாம்ப்பை மாட்டினேன். இந்த வகைக் கிளாம்ப்பைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாலே 0.2, 0.3 மில்லி ஆம்பியர் ஆடும். ஒவ்வொரு கம்பிக்கும் முன் ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும். ஆனால் நாம் பார்ப்பது நிற்கும் எண்ணை அல்ல, பட்டனோடு சேர்ந்து துள்ளும் எண்ணை. ஆயில் டெம்பரேச்சர் ட்ரிப்: 0.1, அப்படியே. வைண்டிங்: ஒன்றுமில்லை. பிரஷர் ரிலீஃப்: ஒன்றுமில்லை. புக்கோல்ஸ் ட்ரிப்பின் திரும்பு கம்பி, கே-யில் தொடங்கும் ஃபெரூல் (கம்பியின் அடையாள வளையம்) போட்டது, மாட்டியதுமே 0.1-லிருந்து 4.6-க்குத் தாவியது. விட்டதும் 0.1. மறுபடி அழுத்தச் சொன்னேன், 4.6. 121 வோல்ட்டை 26.3 கிலோ ஓமால் வகுத்தால் இதே 4.6 மில்லி ஆம்பியர்தான் வர வேண்டும். முழுக் கசிவும் இந்த ஒரே கம்பியில்தான் போகிறது, வேறெங்கும் பிரியவில்லை என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிட்டது.

அடுத்தது யார்டிலுள்ள மார்ஷலிங் பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் கருவிகளின் கம்பிகளெல்லாம் வந்து சேரும் பெட்டி. மழை விட்டிருந்தது, அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே அதே கம்பியின் லிங்க்கை ஒரு நிமிஷம் திறந்தோம். டிசி போர்டில் இருந்தவர் போனில் "அறுபதுக்கு வந்துருச்சு" என்றார். ஆக பேனலிலிருந்து மார்ஷலிங் பாக்ஸ் வரை வரும் நீளக் கேபிள் நல்லது. மிச்சம், மார்ஷலிங் பாக்ஸிலிருந்து புக்கோல்ஸ் வரை ஏறும் சின்னக் கேபிளும் அந்தப் பெட்டியும்தான். லிங்க்கை மூடிவிட்டேன். திறந்தே வைத்தால் அலாரம் வராது, ஆலையும் தவறாக ட்ரிப் ஆகாது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் உண்மையாகவே ஏதாவது நடந்தால் புக்கோல்ஸால் கத்த முடியாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்ட எனக்கு மனசில்லை. வார விடுமுறை வரும்வரை டிசி வயரிங்கில் யாரும் கை வைக்கக்கூடாது, டெஸ்ட் லேம்ப் யார்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று சொல்லி வைத்தோம்.

விடுமுறை நாளில் லைன் கிளியர் (சப்ளையை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, ஐசொலேட்டர் திறந்து, டிஸ்சார்ஜ் ராடு போட்டபிறகு மேலே ஏறினேன். மெயின் டேங்குக்கும் கன்சர்வேட்டருக்கும் (மேலே இருக்கும் எண்ணெய்த் தொட்டி) நடுக் குழாயில் புக்கோல்ஸ். அதன் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு டெர்மினல் பெட்டி. மூடியின் நாலு ஸ்குரூவில் ஒன்று இறுகவே இல்லை, கார்க் கேஸ்கெட் சுருங்கி ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. மூடியைச் சாய்த்து எடுத்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் என் சட்டைக் கையில் வடிந்தது. அடியில் செம்மண் நிறத்தில் வண்டல். டெர்மினல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு. கடைசியில், அடியில் இருந்தது ட்ரிப்பின் திரும்பு கம்பி. அதன் ஸ்குரூத் தலையைத் தாண்டி வண்டல் படிந்த கோடு ஓடியது. அதற்கு மேலேயே பாசிட்டிவ் டெர்மினல், ஓரமெல்லாம் பச்சை பூத்து. கோட்டுக்கும் பாசிட்டிவ் ஸ்குரூவுக்கும் இடைவெளி அரை விரல். தண்ணீர் அந்த அரை விரல் ஏறியிருந்தால் இரண்டு டெர்மினலையும் தண்ணீரே இணைத்திருக்கும், டெஸ்ட் லேம்ப் தேவையே இல்லை.

தண்ணீர் நுழைந்த வழி கேஸ்கெட் மட்டுமல்ல. ஆர்மர்ட் கேபிள் கன்சர்வேட்டர் பக்கமிருந்து இறங்கி மேலிருந்தே கிளாண்டுக்குள் (கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் பொருத்தி) போகிறது. கிளாண்டின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே. சரி, உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகத்தானே அடியில் வடிகால் துளை வைக்கிறார்கள்? கம்பியை விட்டுக் குத்தினேன், கெட்டியாக இருந்தது. வெளியே தடவிப் பார்த்தால் துளையின் வாயில் வழவழவென்று ஒரு மண் உருண்டை. மண் குளவிக்கு ஆறு மி.மீ. துளை அளவெடுத்துச் செய்த வீடு. அந்த மண் வழியாகத் தண்ணீர் மெல்ல ஊறி இறங்கியிருக்கிறது. அதனால்தான் பத்து, பதினோரு மணிக்கு அலாரம் அடங்கியது.

மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் கருவி) போடுவதற்கு முன் பேனல் பக்கத்து இணைப்பைக் கழற்றியாக வேண்டும். ரிலேயோடு சேர்த்து 500 வோல்ட் மெக்கர் போட்டால் எலக்ட்ரானிக் கார்டுகள் போய்விடும். கேபிளைத் தனியாகப் பார்த்ததில் கோருக்கும் ஆர்மருக்கும் 80 மெகா ஓம், புதிதில்லை என்றாலும் வைத்துக்கொள்ளலாம். டெர்மினலிலிருந்து பாடிக்குப் பார்த்தபோது முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

டெர்மினல் கட்டையை மாற்றினோம். பெட்டியை வயர் பிரஷால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஹாட் ஏர் பிளோயரில் காய வைத்தோம். 3 மி.மீ. நியோப்ரீன் ஷீட்டில் கேஸ்கெட் வெட்டினோம். கேபிளைக் கொஞ்சம் இழுத்து, பெட்டிக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறி நுழையும்படி மாற்றினோம். வளைவின் அடியிலேயே தண்ணீர் சொட்டிவிடும். இதற்காக மேல் துளைக்குப் பிளக் போட்டு, அடித் துளையில் டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட். வடிகாலுக்குப் புதிதாக ஒரு துளை போட்டு, உள்பக்கம் பித்தளை வலையை வைத்து ஒட்டினோம். தண்ணீர் போகும், குளவி வராது. மேலே ஜிஐ தகட்டில் சின்ன கூரை, டிங்கரிங் கடையில் மடித்தது 450 ரூபாய். கிளாண்ட், பிளக், கேஸ்கெட், டெர்மினல், வலை எல்லாம் சேர்த்து 1,300 சொச்சம்.

மூடியபிறகு பூவாளியால் கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிவிட்டு மெக்கர் போட்டோம். 200 மெகா ஓமுக்கு மேல். புக்கோல்ஸின் டெஸ்ட் பட்டனை அழுத்தி அலாரம், ட்ரிப் இரண்டும் பேனல்வரை வருகிறதா என்று பார்த்தபிறகே லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு பெய்த மழைகளில் இரண்டு பக்கமும் அறுபது சொச்சத்திலேயே நிற்கிறது.

இன்னொரு தடவை இதே வேலை வந்தால் முதல் அலாரத்தன்றே, ஈரம் காய்வதற்குள் ரெசிஸ்டர் போட்டு எண்ணை எடுத்துவிடுவேன். எந்த ஃபீடரையும் தொடுவதற்கு முன் ஸ்டோரில் இருக்கும் காயில்களை எல்லாம் அளந்து டிராயிங்கின் ஓரத்தில் எழுதி வைத்திருப்பேன், இப்போது எழுதியாயிற்று. அந்த 22 கிலோ ஓமை டிசி போர்டிலேயே ஸ்பிரிங் ரிட்டர்ன் ஸ்விட்சோடு நிரந்தரமாகப் பொருத்திவிட்டோம். ஷிஃப்டுக்கு ஒரு தடவை இரண்டு பக்க வோல்ட்டையும் லாக்கில் எழுதுகிறார்கள். "சரியாகிவிட்டது" என்று எழுதக் கட்டம் இல்லை, எண்ணுக்கு மட்டும்தான் கட்டம்.

ரிலேயையும் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் ட்ரிப்புகளுக்கு அதிக வாட் இழுக்கும் வகை ஆக்ஸிலரி ரிலே கிடைக்கிறது. எழுவதற்கே கணிசமான கரன்ட் வேண்டும் என்பதால் இப்படிப்பட்ட கசிவுக்கும், நீளக் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் டிஸ்சார்ஜுக்கும் ஏமாறாது. கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தாயிற்று, கையெழுத்து இன்னும் வரவில்லை. ரிங்கைப் பிரித்து ஒவ்வொரு பேனலுக்கும் ஒரே வழியில் டிசி கொடுப்பதும் பாக்கி. ஓஎல்டிசி சர்ஜ் ரிலேயின் பெட்டியிலும் கேபிள் மேலிருந்துதான் நுழைகிறது. அதற்கு இப்போதைக்கு சீலன்ட் பூசியிருக்கிறோம். அடுத்த லைன் கிளியரில் முதல் வேலை அது.